நார்கண்டாவில் பார்த்த மரமும் நாட்டு மருந்துக் கடைத் தாளிசபத்திரியும்

கோபி வாத்தியார்:

அனைவருக்கும் வணக்கம். கடந்த மே மாதம் குடும்பத்துடன் சிம்லா வழியாக நார்கண்டாவுக்குச் சென்றிருந்தோம். அந்த ஊர் ஏறக்குறைய 2,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஹாட்டு சிகரத்துக்குப் போகும் குறுகலான பாதை ஏறத்தாழ 3,400 மீட்டர் வரை ஏறுகிறது. அந்தப் பாதையின் இரு பக்கமும் நின்ற மரங்களைப் பற்றிக் கேட்கவே இந்த இழையைத் தொடங்குகிறேன். அடியில் அகன்று உச்சியில் கூர்ந்து, தண்டு சிறிதும் வளையாமல் நின்ற அந்த மரங்களின் கிளைகள் படுக்கைவாட்டில் விரிந்து, நுனியில் மட்டும் சற்றே தாழ்ந்திருந்தன. எங்கள் தோப்புத் தென்னைகளில் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினாலும் சில மரங்களின் உச்சியை எட்டாது என்று தோன்றியது. ஓட்டுநரிடம் பெயர் கேட்டேன், "தேவதார்" என்றார். சிறிது தூரம் போனபின், முற்றிலும் வேறு தோற்றமுள்ள இன்னொரு மரத்தைக் காட்டிக் கேட்டேன். அதற்கும் "தேவதார்" என்றே சொன்னார்.

காற்றில் முறிந்து பாதையோரம் கிடந்த ஒரு சிறு கிளையையும், அதன் பக்கத்திலேயே கிடந்த உள்ளங்கை நீளக் கூம்பு ஒன்றையும் எடுத்துவந்து, கிளையை ஒரு நோட்டுப் புத்தகத்துக்குள் அழுத்தி வைத்தேன். ஊர் திரும்பிய சில நாளில் மகளுக்கு இருமல் கண்டது. என் அம்மிச்சி தாளிசபத்திரிச் சூரணத்தைத் தேனில் குழைத்து நாக்கில் தடவிவிடுவது நினைவுக்கு வர, ஈரோட்டுக் கடைவீதியில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் 50 கிராம் தாளிசபத்திரி வாங்கினேன். பொட்டலத்தைப் பிரித்ததும் ஒரு நிமிடம் திகைத்துவிட்டேன். நோட்டுக்குள் இருக்கும் அதே தட்டையான, ஒடுங்கிய இலைகள் காய்ந்து பழுப்பேறிக் கிடந்தன.

அந்த மரம் எது, பொட்டலத்தில் இருப்பது அதன் இலைதானா என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன். மகளுக்கு இருமல் தானாகவே நின்றுவிட்டது. பொட்டலம் அப்படியே இருக்கிறது.

கல்லாறு:

வணக்கம் வாத்தியார் ஐயா. நான் வனத்துறையில் பணிபுரிந்து ஓய்வுபெற்று மேட்டுப்பாளையத்தில் இருக்கிறேன். பணிக்காலத்தில் பயிற்சிக்காக இரண்டு முறை இமயமலைக் காடுகளில் சில வாரங்கள் தங்கியிருக்கிறேன். படத்தைப் பார்க்காமலே பெயர் சொல்வது முறையாகாது. ஆனால் நீங்களே கையால் தொட்டுக் கண்டுபிடிக்கும் வழி இருக்கிறது.

கிளையிலிருந்து ஓர் இலையைப் பிய்த்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டிப் பாருங்கள். உருண்டால் அது ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரம்; அதன் இலை நான்கு பட்டை உடையது. உருளாமல் தட்டையாகப் படுத்துக்கொண்டால் ஃபிர் என்னும் இன்னோர் ஊசியிலை மரம். பிறகு இலை இருந்த இடத்தைப் பாருங்கள். ஃபிர் மரத்தில் இலை, சிறு வட்டத் தட்டுப் போன்ற அடியுடன் கிளையில் ஒட்டியிருக்கும். உதிர்ந்த இடத்தில் மழமழப்பான வட்டத் தழும்பு மட்டும் மிஞ்சும். ஸ்புரூஸில் இலை உதிர்ந்தாலும் அதன் காம்புக் குச்சி நின்றுவிடும். ஆகவே இலையற்ற ஸ்புரூஸ் குச்சியை விரலால் தடவினால் அரம் போலச் சொரசொரக்கும். பைன் மரமென்றால் இலைகள் கற்றையாக இருக்கும். அங்குள்ள நீலப் பைனுக்கு ஐந்து ஐந்தாக, அதற்குக் கீழ்மட்டத்தில் வளரும் சீர் பைனுக்கு மூன்று மூன்றாக. தேவதாருவுக்குக் குட்டையான சிறு கிளைகளின் நுனியில் கொத்துக் கொத்தாக இருக்கும். இந்த நான்கையும் விரலாலேயே பிரித்துவிடலாம், கண்ணாடிகூட வேண்டியதில்லை.

தாங்கள் சொல்லும் உயரத்தையும் கிளையமைப்பையும் வைத்துப் பார்த்தால், அது மேற்கு இமய ஃபிர்ராக இருக்கவே வாய்ப்பு மிகுதி. தாவரவியலார் அதை ஏபீஸ் பிண்ட்ரோ என்பர். ஆப்கானிஸ்தானிலிருந்து பாகிஸ்தானின் வடபகுதி, காஷ்மீர், இமாசலம், உத்தராகண்டம் வழியாக நடு நேபாளம் வரை, 2,400 மீட்டருக்கும் 3,700 மீட்டருக்கும் இடைப்பட்ட மலைச்சரிவுகளில் வளர்கிறது. 60 மீட்டர் வரை உயர்ந்து, அடிமரம் 2 மீட்டருக்கு மேலும் பருப்பதுண்டு. உலகத்து ஃபிர் வகைகளிலேயே மிக நீண்ட இலை கொண்டவற்றுள் இதுவும் ஒன்று. 4 முதல் 9 சென்டிமீட்டர் வரை நீளும்.

ஒரே ஓர் ஐயம். அந்தக் கூம்பு முழுதாகக் கிடந்ததா?

கோபி வாத்தியார்:

உருட்டிப் பார்த்தேன் ஐயா; உருளவில்லை. தழும்பும் வட்டமாகவே இருக்கிறது. கூம்பு முழுதாகத்தான் கிடந்தது. உடையாமல் வீட்டு அலமாரியில் நிற்கிறது. செதில்கள் கெட்டியாக ஒட்டியிருக்கின்றன.

கல்லாறு:

அப்படியானால் கிளை ஒரு மரத்தினுடையது, கூம்பு வேறொரு மரத்தினுடையது. ஃபிர் மரத்தின் கூம்பு முழுதாகத் தரையில் விழுவது அரிது. ஏனைய ஊசியிலை மரங்களில் பலவற்றின் கூம்புகள் கிளையிலிருந்து தொங்கும். ஃபிர்ரின் கூம்பு, குத்துவிளக்கு வைத்தது போல, மேற்கிளையின் மேல் செங்குத்தாக எழுந்து நிற்கும். இளமையில் கருநீலமும் ஊதாவும் கலந்த நிறம்; கத்தரிக்காயின் நிறம் என்றால் நம் ஊரில் எளிதில் விளங்கும். 9 முதல் 16 சென்டிமீட்டர் நீளமும் நல்ல பருமனும் உண்டு. மகரந்தம் சேர்ந்த 5 முதல் 7 மாதத்தில் முற்றி, மரத்தில் இருக்கும்போதே செதில் செதிலாகக் கழன்று, சிறகுள்ள விதைகளோடு காற்றில் உதிர்ந்துவிடும். மிஞ்சுவது நடுத்தண்டு ஒன்றுதான்; எரிந்து முடிந்த ஊதுபத்திக் குச்சிகளைப் போல அவை உச்சிக்கிளைகளில் நெடுநாள் நின்றுகொண்டிருக்கும். தாங்கள் போன மே மாதத்தில் முந்தைய ஆண்டுக் கூம்புகள் முன்பே உதிர்ந்து போயிருக்கும்.

தங்கள் அலமாரியில் நிற்பது மேற்கு இமய ஸ்புரூஸின் கூம்பாக இருக்க வேண்டும். இரண்டு மரங்களும் அந்தச் சரிவில் தோளோடு தோள் நிற்கின்றன. அடியில் கிடப்பதை எல்லாம் மேலே நிற்கும் மரத்தின் கணக்கில் எழுதிவிடுவது பயிற்சியின் முதல் வாரத்தில் நாங்களும் செய்த பிழைதான்.

மஞ்சள் மண்டி:

குறுக்கிடுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். என் வீட்டில் இருக்கும் ஆங்கிலம்–தமிழ் அகராதியில் ஃபிர் என்ற சொல்லுக்குத் தேவதாரு வகை மரம் என்றுதான் பொருள் தந்திருக்கிறார்கள். அந்த ஓட்டுநர் சொன்னதில் என்ன பிழை? தமிழில் ஒரு பெயர் இருக்கும்போது ஃபிர் என்று எழுதத்தான் வேண்டுமா?

கல்லாறு:

அகராதிக்காரர்கள் மேல் எனக்கு மனத்தாங்கல் உண்டு என்பதை மறைக்கவில்லை. தேவதாரு என்ற சொல்லை அவர்கள் ஃபிர்ருக்கும் தருகிறார்கள், சீடாருக்கும் தருகிறார்கள், சிலர் பைனுக்கும் தந்துவிடுகிறார்கள். இமயத்துத் தேவதாரு என்பது சீட்ரஸ் தேவதாரா. அதன் கட்டை எண்ணெய்ப்பசையும் நறுமணமும் உடையது, செல்லரிக்காமல் நூற்றாண்டுக் கணக்கில் நிற்பது. ஃபிர் மரத்தின் கட்டை அதற்கு நேர்மாறானது: வெளிறியது, மென்மையானது, மணமற்றது, ஈரத்தில் விரைவில் மக்குவது. கோயில் கட்டத் தேவதாருவையும் பெட்டி செய்ய ஃபிர்ரையும் மலைவாசிகள் பிரித்து எடுத்ததற்குக் காரணம் இதுதான்.

இதைவிடப் பெரிய குழப்பம் நம் காலடியிலேயே இருக்கிறது. சத்தியமங்கலத்துப் புதர்க்காட்டில் செம்புளிச்சான் என்றொரு சிறுமரம் உண்டு. தேவதாரம் என்றும் சொல்வார்கள். அதன் வயிரக்கட்டைக்கும் ஒரு மணம் உண்டு என்பதால், இமயத்துத் தேவதாருக்கு மாற்றாகத் தென்னாட்டு மருந்துக் கடைகளில் நெடுங்காலமாக அதைத் தந்திருக்கிறார்கள். அதுவோ ஊசியிலை மரமே அன்று. அகன்ற இலையும் பூவும் சிவந்த பழமும் உள்ள மரம். கோக்கா செடியின் பேரினத்தைச் சேர்ந்தது. ஆகவே மண்டிக்கார அண்ணா, ஃபிர் என்று எழுதுவது தமிழின் மேல் பற்றில்லாமல் அன்று. தேவதாரு என்றால் மூன்று மரங்கள் எழுந்து "என்னையா கூப்பிட்டீர்கள்?" என்று வந்து நிற்கும்.

மஞ்சள் மண்டி:

ஒத்துக்கொள்கிறேன் ஐயா. தாளிசம் என்றே அழைத்தால் என்ன? அது நம்மிடம் இருக்கும் பெயர்தானே.

செடிகொடி:

நான் கோவையில் ஒரு கல்லூரியில் தாவரவியல் கற்பிக்கிறேன். மஞ்சள் மண்டி அண்ணா கேட்டது நல்ல கேள்வி. ஆனால் தாளிசமும் ஒற்றைப் பெயர் அன்று. அங்கேதான் வாத்தியார் ஐயாவின் பொட்டலத்தைப் பற்றி நான் கவலைப்படுகிறேன்.

முதலில் மரத்தைப் பற்றிச் சில. ஏபீஸ் என்னும் பேரினத்தில் ஏறக்குறைய 50 இனங்கள் உள்ளன. எல்லாமே நிலநடுக்கோட்டுக்கு வடக்கே குளிர்நாடுகளிலும் உயர்மலைகளிலும் வளர்பவை. என் மாணவர்களில் ஒருவரும் ஃபிர் மரத்தை நேரில் பார்த்ததில்லை. ஆயினும் எங்கள் ஆய்வகத்தில் அதன் பிசின் தலைமுறை தலைமுறையாக இருந்துவந்திருக்கிறது. நுண்ணோக்கிக்கான நிலைத்த கண்ணாடிச் சில்லுகளை ஒட்டப் பயன்பட்ட கனடா பால்சம் என்பது வட அமெரிக்க பால்சம் ஃபிர்ரின் பட்டையில் கொப்புளம் கொப்புளமாக ஊறும் பிசின்தான். உலர்ந்தபின் அதன் ஒளிவிலகல் எண் கண்ணாடிக்கு மிக நெருக்கமாக இருப்பதால், ஒட்டிய இடமே கண்ணுக்குத் தெரியாது. இளம் ஃபிர் மரங்களின் வழவழப்பான பட்டையில் இக்கொப்புளங்களைக் காணலாம்; நகத்தால் குத்தினால் தேன் போன்ற பிசின் கசியும். மரம் முதிர முதிரப் பட்டை வெடித்து, நீளவாட்டில் பிளவுபட்டுச் சொரசொரப்பாகிவிடும்.

இனி இலை. கிழக்கிலும் மேட்டிலும் இன்னொரு ஃபிர் இருக்கிறது, ஏபீஸ் ஸ்பெக்டாபிலிஸ். பழைய நூல்களில் ஏபீஸ் வெப்பியானா என்று இருக்கும். இது பிண்ட்ரோவைவிட உயரத்தில், மரங்கள் முடிந்து புல்வெளி தொடங்கும் எல்லை வரை போய் நிற்பது. இரண்டையும் பிரிக்க இளங்கிளையைப் பார்க்க வேண்டும்: பிண்ட்ரோவின் கிளை சாம்பல் பூத்து வழவழப்பாக இருக்கும், மற்றதன் கிளை செம்பழுப்பாக, வரி வரியாகப் பள்ளமுற்று, அப்பள்ளங்களில் மென்மயிர் கொண்டிருக்கும். இலையைத் திருப்பினால் ஸ்பெக்டாபிலிஸில் நடுநரம்பின் இரு பக்கமும் பளிச்சென்று இரண்டு வெண்பட்டைகள் தெரியும். பிண்ட்ரோவில் அவை மங்கலாகவே இருக்கும். அந்த வெண்மை, இலைத்துளைகளின் வரிசைமேல் படிந்த மெழுகு. பனிக்காலத்தில் வேர்கள் உறைந்த மண்ணிலிருந்து நீரெடுக்க முடியாது. அப்போது இலையிலிருந்து நீர் வெளியேறாமல் காப்பதில் இந்த மெழுகுக்கும் தடித்த மேல்தோலுக்கும் பங்கு உண்டு. கூம்பு வடிவமும் தாழ்ந்த கிளைநுனிகளும் பனியைச் சறுக்கிவிடுகின்றன. இல்லையேல் அந்தப் பாரத்துக்குக் கிளைகள் முறிந்துபோகும்.

தாளிசபத்திரி என்று ஆயுர்வேத மருந்தியல் நூல் ஏற்பது இந்த ஏபீஸ் வெப்பியானாவின் இலையைத்தான். ஆனால் சந்தையில் அதே பெயரில் வேறு சிலவும் புழங்குகின்றன. தென்னாட்டில் பிளக்கூர்சியா என்னும் முள்மரத்தின் இலையைத் தந்திருக்கிறார்கள். அது அகன்ற இலை என்பதால் எவரையும் ஏமாற்றாது. வடக்கே சில இடங்களில் ரோடோடென்ட்ரான் என்னும் பேரினத்துக் குட்டைப் புதர்ச்செடி ஒன்றின் இலை. மூன்றாவதுதான் ஆபத்தானது: டாக்ஸஸ் வாலிச்சியானா, அதாவது இமய யூ மரத்தின் இலை. அதுவும் தட்டை, அதுவும் ஒடுக்கம், அதுவும் ஃபிர்ரின் நிழலிலேயே வளர்வது. காய்ந்து பழுப்பேறியபின் மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றே.

யூ மரத்தில் விதையைச் சூழ்ந்த சிவந்த சதையைத் தவிர எல்லாப் பகுதியும் நஞ்சு. அதிலுள்ள டாக்சின் என்னும் பொருள் இதயத்தைத் தாக்குவது. மேய்ந்த கால்நடைகள் விழுந்து செத்திருக்கின்றன.

பொட்டலக்காரன்:

அக்கா சொல்வதை மறுக்கவில்லை. ஆயினும் எங்கள் தரப்பையும் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிறது. இமயத்துச் சரக்கு எங்களுக்கு மலையிலிருந்து நேரே வருவதில்லை. வடக்கே பெருவணிகர் கட்டும் சாக்கு, இரண்டு மூன்று கை மாறித்தான் எங்கள் தராசுக்கு வருகிறது. சாக்கை அவிழ்த்ததும் என் அப்பா முதலில் செய்வது கைப்பிடி எடுத்து உள்ளங்கையில் கசக்கி முகர்வதுதான். கற்பூரமும் டர்பென்டைனும் கலந்தது போன்ற ஒரு வாசம் வர வேண்டும். வைக்கோல் வாசம் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார். தூளாகக் கேட்பவர்களிடம் அவர் "இலையாக வாங்கிப் போய் வீட்டில் இடித்துக்கொள்ளுங்கள்" என்பார். தூளில் எது கலந்தாலும் தெரியாது என்பதே காரணம்.

அளவையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆயுர்வேதத்தில் வழங்கும் தாளிசாதி சூரணத்தில் தாளிசம் 1 பங்கு, மிளகு 2, சுக்கு 3, திப்பிலி 4, மூங்கிலுப்பு 5, ஏலமும் இலவங்கப்பட்டையும் அரை அரைப் பங்கு, சர்க்கரை 32. கூட்டினால் 48 பங்கு. பெயர் தாளிசத்துக்கு, நிறை சர்க்கரைக்கு. சித்த மருத்துவத்தில் இதே பெயருள்ள சூரணத்தில் சரக்குகள் இன்னும் மிகுதி.

செடிகொடி:

தங்கள் அப்பாவின் மூக்கை நான் மதிக்கிறேன் தம்பி. அதற்குத் தாவரவியல் காரணமும் உண்டு. ஃபிர் இலையைக் குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் வைத்தால் இரண்டு பிசின் குழாய்கள் கண் போலத் தெரியும். வாசம் அவற்றிலிருந்து வருவது. யூ இலையில் பிசின் குழாயே இல்லை. கசக்கினாலும் அந்த வாசம் எழாது. ஆனால் இரண்டும் கலந்த சாக்கில் ஃபிர்ரின் வாசம் யூவையும் மறைத்துவிடுமே. 48 பங்கில் ஒரு பங்கு என்ற கணக்கும் என்னைத் தேற்றவில்லை. வாத்தியார் ஐயா வாங்கியது கூட்டு மருந்து அன்று. 50 கிராம் தனி இலை. அதைத்தான் இடித்துக் குழந்தைக்குத் தேனில் தர இருந்தார்.

யூ மரத்தைப் பழிப்பது என் நோக்கமன்று. அதே பேரினத்தைச் சேர்ந்த பசிபிக் யூவின் பட்டையிலிருந்துதான் பாக்ளிடாக்சல் கிடைத்தது. மன்றோ வால், மன்சுக் வானி ஆகிய இருவரும் 1971இல் அதன் கட்டமைப்பை வெளியிட்டார்கள். 1992இல் அமெரிக்காவில் சினைப்பைப் புற்றுநோய்க்கு மருந்தாக ஒப்புதல் பெற்றது. அந்தத் தேவைக்காக இமய யூவையும் அளவின்றி உரித்ததால், இன்று அது அருகிவரும் மரங்களின் பட்டியலில் இருக்கிறது.

வாத்தியார் ஐயா, பொட்டலத்தில் ஒரு கைப்பிடியை வெந்நீரில் கால்மணி நேரம் ஊறவையுங்கள். காய்ந்து சுருண்ட இலை பிரிந்து நேராகும். பிறகு நுனியைப் பாருங்கள்: ஃபிர்ரின் நுனி பெரும்பாலும் நடுவில் வெட்டுப்பட்டு இரு சிறு பற்களாக இருக்கும்; யூவின் நுனி ஒரே முனையாகக் கூர்ந்திருக்கும். மேற்பக்கத்தில் நடுநரம்பைத் தடவுங்கள்: ஃபிர்ரில் பள்ளம், யூவில் மேடு. அடியைப் பாருங்கள்: ஃபிர்ரில் வட்டத் தட்டு, யூவில் மெல்லிய காம்பு.

கோத்தகிரிக் குளிர்:

ஒரு சிறு கேள்வி. நீலகிரியிலும் குளிர் உண்டு, உறைபனி உண்டு. தொட்டபெட்டா 2,637 மீட்டர். கல்லாறு ஐயா சொன்ன 2,400 மீட்டரைத் தாண்டுகிறது. இங்கே ஏன் ஃபிர் இல்லை? எங்கள் வீட்டு வாசலில் இருக்கும் கிறிஸ்துமஸ் மரம் ஃபிர் இல்லையா?

கல்லாறு:

தங்கள் வாசலில் இருப்பது அராக்கேரியாவாக இருக்கும், தென்கோளத்து மரம். குன்னூரில் மட்டுமன்றிக் கோவை வீடுகளிலும் தொட்டியில் வளர்கிறது. ஐரோப்பாவில் கிறிஸ்துமஸுக்கு வெட்டுவது பெரும்பாலும் காக்கசஸ் மலையைத் தாயகமாகக் கொண்ட நார்ட்மன் ஃபிர். உதகைப் பக்கம் காணும் பைன், சைப்ரஸ், கிரிப்டோமீரியா எல்லாம் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவை. மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய ஊசியிலைக் குடும்ப மரம் ஒன்றே ஒன்று, நாகியா வாலிச்சியானா. வேடிக்கை என்னவென்றால் அதற்கு ஊசியிலையே இல்லை. ஆனைமலைப் பசுமைக்காட்டில் அகன்ற இலையோடு நிற்கும். பார்த்தால் ஏதோ மாமரத்தின் பங்காளி என்றுதான் தோன்றும். இலையில் நடுநரம்பு இல்லாமல் நரம்புகள் இணையாக ஓடுவதைக் கொண்டு அறியலாம்.

உயரத்தை மட்டும் வைத்து ஒப்பிடக் கூடாது. நார்கண்டா 31 பாகை வடக்கே இருக்கிறது. நாம் 11 பாகையில். அதே 2,600 மீட்டர், நமக்கு எவ்வளவோ வெம்மையானது. உதகையில் மார்கழி, தை மாதங்களில் இரவில் உறைபனி படிந்தாலும் பகலில் வெயில் ஏறியதும் உருகிவிடுகிறது. ஃபிர்ருக்கு வேண்டியது மாதக்கணக்கில் நீளும் குளிர். விதை ஈரத்தோடு சில வாரம் குளிரில் கிடந்தால்தான் நன்கு முளைக்கும். முளைத்தபின்னும் பல ஆண்டு பெரியமரத்தின் நிழலில் பொறுமையாக இருக்கும், நிழலைத் தாங்குவதில் அது கைதேர்ந்தது. ஆனால் தரையில் மக்காத சருகு தடித்துவிட்டாலும், ஆடுமாடு மேய்ந்தாலும் நாற்றுகள் தங்குவதில்லை. முதிர்ந்த மரங்கள் ஓங்கி நிற்க, அடியில் ஒரு நாற்றுக்கூட இல்லாத சரிவுகளை நானே பார்த்திருக்கிறேன். ஆளரவமற்ற அரண்மனை போல இருக்கும்.

இமயத்துக்கும் நீலகிரிக்கும் பொதுவான மரம் வேண்டுமானால் காட்டுப்பூவரசைப் பாருங்கள். ரோடோடென்ட்ரான் அர்போரியத்தின் ஒரு கிளையினம் நம் சோலையோரப் புல்வெளிகளில் நிற்கிறது; தாயினம் நார்கண்டாவில் நிற்கிறது.

கோபி வாத்தியார்:

சிவந்த பூ வாடிக் கிடந்ததை ஹாட்டுப் பாதையில் பார்த்தேன் ஐயா. "இது உதகையில் பார்த்த மரம் மாதிரி இருக்கிறதே" என்று என் மனைவி சொன்னதை நான்தான் கேட்காமல் விட்டுவிட்டேன். இன்று மன்னிப்புக் கேட்டாயிற்று.

பழக்கடை மகன்:

கட்டையைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். என் அப்பா கோவையில் பழக்கடை வைத்திருந்தபோது ஆப்பிள் மரப்பெட்டியில் வரும். உள்ளே வைக்கோல், வெளியே வெள்ளைப் பலகை. காலிப்பெட்டியை ஆத்தா கோழி அடைகாக்க வைத்துவிடுவார். அது ஃபிர்ரா?

கல்லாறு:

இமாசலத்துப் பெட்டியானால் ஃபிர் அல்லது ஸ்புரூஸாக இருந்திருக்கலாம். பெட்டிக்காக மரம் வெட்டுவது மிகுந்ததால்தான் அங்கே அட்டைப்பெட்டிக்கு மாறினார்கள். காஷ்மீரத்துப் பெட்டியானால் பாப்புலர் என்னும் அகன்ற இலை மரத்தின் பலகையாக இருக்கவும் கூடும். பலகை இன்னும் இருந்தால் குறுக்குவெட்டில் பாருங்கள்; வளையங்கள் தெளிவாக, நுண்துளைகளே இல்லாமல் இருந்தால் ஊசியிலை மரம். துளை தெரிந்தால் பாப்புலர்.

பழக்கடை மகன்:

பலகை அடுப்புக்குப் போய் இருபது ஆண்டு ஆகிறது ஐயா.

கோபி வாத்தியார்:

செடிகொடி அம்மா சொன்னபடி நேற்று இரவு செய்து பார்த்தேன், முடிவை எழுதுகிறேன். வெண்கலக் கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றி ஒரு கைப்பிடி இலையைப் போட்டதும், முதலில் நீர் வெளிறிய தேநீர் நிறமாயிற்று. பிறகு வாசம் எழுந்தது. பொட்டலக்காரத் தம்பியின் அப்பா சொல்லும் வாசம் எது என்று அப்போது விளங்கியது. மகள் ஓடிவந்து "நார்கண்டா வாசம்" என்றாள்.

கால்மணி நேரம் கழித்து இலைகளை ஒரு வெள்ளைத் துணியில் பரப்பி, அவளுடைய பள்ளி உருப்பெருக்கிக் கண்ணாடியால் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பெரும்பாலானவற்றின் நுனியில் அந்த வெட்டு இருந்தது. எறும்பு கடித்துவிட்டுப் போனது போல அத்தனை சிறியது. திருப்பினால் இரண்டு வெண்பட்டைகள். நான் நோட்டில் வைத்திருக்கும் கிளையின் இலை இவற்றைவிட நீளம், பட்டையும் மங்கல். ஆக என்னுடையது பிண்ட்ரோ, பொட்டலத்தில் இருப்பது ஸ்பெக்டாபிலிஸ் என்று கொள்கிறேன். சரியா என்று பெரியவர்கள் சொல்ல வேண்டும்.

ஆனால் 7 இலைகள் மட்டும் கூட்டத்தோடு சேரவில்லை. நுனி ஒரே முனையாக, ஊசி போலக் கூர்ந்திருந்தது. நகத்தால் நடுநரம்பைத் தடவினால் மேடு தட்டியது. அடியில் வட்டத் தட்டு இல்லை. இழை போன்ற காம்பு. கசக்கினேன், ஒரு வாசமும் இல்லை. அவற்றைத் தனியே ஒரு காகிதத்தில் மடித்து, மேலே "தொடாதே" என்று மகளே எழுதி வைத்திருக்கிறாள்.

செடிகொடி:

தாங்கள் விவரித்தது சரியாகவே இருக்கிறது ஐயா. முதல் இரண்டும் தாங்கள் சொன்னபடியே. அந்த ஏழையும் யூ என்று நான் இங்கிருந்தே உறுதிசெய்ய மாட்டேன். ஐயத்துக்கு இடமிருக்கும்போது நஞ்சென்றே கொள்ள வேண்டும். மீதியையும் பயன்படுத்த வேண்டாம். ஒரு கைப்பிடியில் ஏழு என்றால் பொட்டலம் முழுவதிலும் எத்தனையோ. இலைகளை ஈரம் போக உலர்த்தி, நோட்டுக் கிளையோடு எடுத்து வாருங்கள். கோவையில் வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் இந்தியத் தாவரவியல் ஆய்வுத்துறையின் தென்மண்டல நிலையம் இருக்கிறது. சென்னை உலர்தாவரகம் என்று பெயர் பெற்ற பழைய தொகுப்பும் அங்கேதான். முறையாக எழுதிக் கேட்டால் ஒப்பிட்டுப் பார்க்க வழி உண்டு. நானும் உடன் வருகிறேன்.

பொட்டலக்காரன்:

வாத்தியார் ஐயா, எந்தக் கடை என்று நான் கேட்கப் போவதில்லை. நேற்று எங்கள் கடைச் சாக்கை அவிழ்த்து, நானும் அப்பாவும் ஒரு படியை வெந்நீரில் போட்டுப் பார்த்தோம். எங்களுக்கு நான்கு இலை கிடைத்தது. அப்பா நெடுநேரம் பேசவில்லை. பிறகு "மூக்கை மட்டும் நம்பியிருந்தேன்" என்றார். சாக்கைக் கட்டி ஓரமாக வைத்திருக்கிறோம். அக்கா, கோவைக்குப் போகும் நாளைச் சொன்னால் எங்கள் நான்கையும் கொடுத்தனுப்புகிறேன்.

கல்லாறு:

கொடுத்தனுப்ப வேண்டாம் தம்பி, அப்பாவையும் அழைத்துக்கொண்டு நேரில் வா. வாத்தியார் ஐயா அந்த ஸ்புரூஸ் கூம்பையும் எடுத்து வரட்டும்; மாணவர்களுக்குக் காட்ட அக்காவுக்கு உதவும்.